தும்பா - இது ராக்கெட் தும்பா இல்லீங்க!

தலைப்பைப் பார்த்துட்டு விக்ரம் சாராபாய், சைக்கிள்ல ராக்கெட், கேரளக் கடற்கரை என்று எதையாவது எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கணும். இது இமயமலைத் தும்பா. ராக்கெட் இல்லை, ராகி. சில ஊர்ல தும்பா என்பாங்க, சில ஊர்ல தோங்பா என்பாங்க. நான் தோங்பா என்றே எழுதிக்கிறேன், குழப்பம் வேண்டாம்.

மேற்கு சிக்கிமில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். கூட வேலை பார்த்தவர், லிம்பு சமூகம். டிசம்பர் மாசம். சாயங்காலம் நாலரைக்கே வெளிச்சம் போயிடுச்சு. ஸ்வெட்டர், அதுக்கு மேல ஜெர்கின், அதுக்கு மேல அவங்க கொடுத்த கம்பளி. அப்படியும் பல்லு கிடுகிடுன்னு தந்தி அடிக்குது. அடுப்பு பக்கத்துல உட்கார வச்சாங்க.

நண்பரோட அம்மா வந்தாங்க. நேபாளியில் அம்மாவை 'ஆமா' என்று கூப்பிடுவாங்க. நண்பர் "ஆமா"ன்னு கூப்பிடும்போதெல்லாம் எதுக்கு இந்த மனுஷன் எல்லாத்துக்கும் தலையாட்டுறார்னு முதல் நாள் முழுக்க நான் முழிச்சது தனிக்கதை :-)

ஆமா என் முன்னாடி ஒரு மூங்கில் குவளையை வச்சாங்க. நம்ம ஊர் லிட்டர் படி அளவு இருக்கும். வாய்ப்பக்கம் பித்தளைப் பூண். உள்ளே எட்டிப் பார்த்தா... வெந்த கேழ்வரகு! முழுசு முழுசா, செம்பழுப்பா, விளிம்பு வரைக்கும். நடுவுல ஒரு மூங்கில் குழல் செருகியிருக்கு. பக்கத்துல ஒரு பிளாஸ்க்கில் வெந்நீர். அவ்வளவுதான். திரவம்னு ஒண்ணுமே கண்ணுக்குத் தெரியலை.

'சாப்பிடறதா குடிக்கிறதா'ன்னு நான் பார்க்க, ஆமா சிரிச்சுக்கிட்டே வெந்நீரை மேலாக ஊத்தினாங்க. பத்து நிமிஷம் கையை வைக்காதேன்னு சைகை. அப்புறம் குழலில் உறிஞ்சச் சொன்னாங்க. இளஞ்சூடு, லேசான புளிப்பு, அடியில் ஒரு இனிப்பு. நம்ம பழைய கேழ்வரகுக் கூழுக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி ஒரு வாசனை. கால்வாசி குடிச்சதுக்கே காது மடல் சூடாயிடுச்சு. தண்ணி கீழே இறங்கினதும் மறுபடி வெந்நீர் வந்துச்சு. மறுபடி காத்திருப்பு, மறுபடி உறிஞ்சல். ஒரே குவளை, ஒரே தானியம், ஒன்றரை மணி நேரம் ஓடிடுச்சு. அந்த ஒன்றரை மணி நேரமும் பேச்சு.

அந்தப் பேச்சுல நண்பர் போகிற போக்குல ஒண்ணு சொன்னார். "எங்களுக்கு நேபாளச் சட்டப் புத்தகத்துல ஒரு பேர் இருந்துச்சு, தெரியுமா? மத்வாலி. குடிக்கிறவன்னு அர்த்தம். திட்டுறதுக்கு வச்ச பேர் இல்லை. அதிகாரபூர்வமான சாதிப் பேர்."

நான் குழலை வாயிலிருந்து எடுத்துட்டேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். சின்ன வயசுல எங்க தெருவுக்கு ராத்திரி ரோந்துக்கு ஒரு கூர்க்கா வருவார். விசில், தடி, மாசம் பிறந்தா வாசல்ல சலாம். அவருக்கு நாங்க யாரும் பேர் கேட்டது இல்லை. கூர்க்காதான் பேர். ஒரு நாள் தெருவுல ஒரு வீட்டில் திருட்டுப் போச்சு. உடனே எல்லாரும் சொன்னது ஒண்ணுதான்: "குடிச்சிட்டு எங்கயாவது விழுந்து கிடந்திருப்பான், அவனுங்க எல்லாம் குடிகாரப் பசங்க." அவர் குடிச்சு நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆனா பத்து வயசுல நானும் அந்தக் கூட்டத்துல நின்னு தலையாட்டினேன். அடுத்த மாசம் அவர் வரலை. அந்தத் தலையாட்டல்தான் அந்தக் குளிர்ல ஞாபகம் வந்துச்சு.

ஊருக்கு வந்தப்புறம் கொஞ்சம் புத்தகங்களைத் தேடிப் படிச்சேன். படிச்சதை எழுதி வைக்கலாம்னு இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

முதல்ல பானம்

தோங்பா என்பது உண்மையில் குவளையோட பேர். நாம 'ஒரு கிளாஸ் போட்டேன்' என்கிற மாதிரி குவளைப் பேரே பானத்துக்கு ஆகிப்போச்சு. லிம்புகள் இந்தக் கள்ளை 'தீ' என்பாங்க. (ஆமாங்க, தீ. குளிர்ல பொருத்தமான பேருதான். ஆனா தமிழ்த் தீக்கும் இதுக்கும் முடிச்சுப் போட்டுடாதீங்க.) சிக்கிமின் பழங்குடிகளான லெப்சாக்களுக்கு இது 'சீ'. நேபாளியில் 'கோதோ கோ ஜாண்ட்'. கோதோ என்றால் கேழ்வரகு. திபெத்திய வழி வந்த பூட்டியாக்களுக்கும் ஷெர்பாக்களுக்கும் பொதுப்பேர் 'சாங்'. மேலே ஏற ஏற, கேழ்வரகு விளையாத உயரத்துல பார்லியில் சாங் செய்வாங்க. கீழே நெல்லில். நடு மலையில் கேழ்வரகு.

கேழ்வரகு இமயமலைச் சொத்தும் இல்லை, நம்ம சொத்தும் இல்லை. பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலம். அங்கிருந்து ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி இந்தியாவுக்கு வந்த பயிர். கல்லும் சரிவுமா இருக்கிற மலைக்காட்டில் நெல் மறுக்கிற இடத்திலும் விளையும், பல வருஷம் பூச்சி அரிக்காம குதிரில் கிடக்கும். நெல்லு கௌரவம், கேழ்வரகு வயித்துக்கு என்கிற கணக்கு நம்ம ஊர் மாதிரியே அங்கேயும் உண்டு.

செய்முறை இதுதான். கேழ்வரகை அரைக்கிறதில்லை. முழுசாக் கழுவி, இரும்புப் பாத்திரத்தில் அரை மணி நேரம் போல வேக வைக்கிறாங்க. தண்ணியை வடிச்சு மூங்கில் பாயில் பரப்பி ஆற விடணும். ஆறினதும் 'மர்ச்சா' என்கிற கட்டியைப் பொடிச்சுத் தூவுறாங்க. தானியத்தோட எடையில் நூத்துக்கு ஒண்ணு ரெண்டு பங்குதான். பிசறி, அடியில் பெரணி இலை போட்ட மூங்கில் கூடையில் குவிச்சு, மூடி, ரெண்டு மூணு நாள் அடுப்படிச் சூட்டில் விடணும். நல்ல வாசனை எழும்பினதும் பானையிலோ கூடையிலோ காத்துப் போகாமல் அடைச்சு இன்னும் சில நாள். கோடையில் மூணு நாலு நாள், குளிர்காலத்தில் ஒரு வாரம் வரைக்கும் ஆகும். கடைசியில் கிடைக்கிறது கள் இல்லை, கள் ஊறின தானியம். வெந்நீர் ஊத்தும்போதுதான் கள் வெளியே வரும். போதை சுமார் நூத்துக்கு ஐந்து பங்கு, பீர் அளவுதான்.

மூங்கில் குழலுக்கு ஒரு சூட்சுமம் இருக்கு. அடிப்பக்கம் அடைச்சிருக்கும். பக்கவாட்டில் சின்னக் கீறல் வழியாத்தான் திரவம் உள்ளே வரும், கேழ்வரகு வராது. வடிகட்டி தனியா வேண்டாம். குழலைக் கரண்டி மாதிரி நினைச்சு நான் கிளறப் போக, ஆமா என் கையைத் தட்டிவிட்டாங்க. கிளறினா கீறல் அடைச்சுக்குமாம்.

இதில் நிஜமான வித்தை மர்ச்சாதான். லிம்புவில் 'கெசுங்', திபெத்திய மொழியில் 'பாப்'. ஊற வைத்த அரிசியோடு சில வேர்கள், இலைகள், இஞ்சி, மிளகாய் எல்லாம் சேர்த்து இடிச்சு, வடை மாதிரித் தட்டி, பழைய மர்ச்சாப் பொடியை மேலே தூவி, காய வைப்பாங்க. நம்ம வீட்டுல உறைமோர் ஊத்துற மாதிரி பழசிலிருந்து புதுசு. அதில் போடுகிற வேர்களில் ஒண்ணு 'சீது'. அது வேற யாரும் இல்லை, நம்ம நாட்டுமருந்துக் கடைச் சித்திரமூலம், கொடிவேலி! மர்ச்சா தட்டுறது பெரும்பாலும் பெண்கள் வேலை. கைப்பக்குவம் அம்மாவிடமிருந்து மகளுக்குப் போகும். அக்கம்பக்கத்தில் சுலபமாச் சொல்லித்தர மாட்டாங்க. காய்ந்த கட்டிகளைச் சந்தையில் விற்கிறதும் அவங்கதான், அந்தக் காசு அவங்க கைக்காசு.

இந்தக் கட்டிக்குள்ளே என்ன இருக்குன்னு சிக்கிம்-டார்ஜிலிங் பக்கத்து நுண்ணுயிரியல் அறிஞர் ஜோதி பிரகாஷ் தமாங் பல வருஷம் ஆராய்ந்திருக்கார். இமயமலையின் புளிக்க வைத்த உணவுகள் பற்றி 2010ல் ஒரு தடிப் புத்தகமே போட்டிருக்கார். விஷயம் சுருக்கமா இதுதான்: ஈஸ்ட்டுக்கு மாவுச்சத்தைத் தின்னத் தெரியாது, சர்க்கரைதான் வேணும். ஐரோப்பாவில் பார்லியை முளைகட்டி மாவை சர்க்கரை ஆக்குறாங்க. இமயமலையிலிருந்து சீனா, ஜப்பான், இந்தோனேசியா வரைக்கும் அந்த வேலையைப் பூஞ்சணம் செய்யுது. மர்ச்சாவில் பூஞ்சணம், ஈஸ்ட், புளிப்பு தருகிற லாக்டிக் பாக்டீரியா மூணுமே ஒரே கட்டியில் குடித்தனம் நடத்துது. மலேசியா, சிங்கப்பூர் நண்பர்களுக்கு ஒரு கூடுதல் தகவல்: மலாய் மொழியில் 'ராகி' என்றால் ஈஸ்ட் என்று உங்களுக்கே தெரியும். இங்கே ராகியைப் புளிக்க வைக்க அங்கத்து ராகிக்குச் சொந்தக்காரன் வேணும் :-)

குழல்ல உறிஞ்சுறதும் தனி வரலாறு. கிரேக்கர் செனபோன் கி.மு. 401-400 குளிர்காலத்தில் ஆர்மீனிய மலைக் கிராமங்களில் தங்கினப்போ, பார்லி மிதக்கிற கள்ளை நாணல் குழலால் உறிஞ்சினதை எழுதி வச்சிருக்கார். இன்னிக்கும் உகாண்டாவின் தேசோ மக்கள் கேழ்வரகுக் கள்ளில் வெந்நீர் ஊத்தி, ஒரே பானையைச் சுத்தி உட்கார்ந்து நீளக் குழல்களால் உறிஞ்சுறாங்க. குளிர், தானியம், குழல். யார் யாரிடம் கத்துக்கிட்டாங்கன்னு நான் கதை கட்டப் போறதில்லை.

1854: ரெண்டு புத்தகம்

இப்ப வரலாற்றுக்கு வருவோம். 1854ல் ரெண்டு புத்தகம் வெளியாச்சு. ஒண்ணு லண்டனில், இன்னொண்ணு காத்மாண்டுவில்.

லண்டன் புத்தகம் ஜோசப் டால்டன் ஹூக்கர் என்கிற தாவர அறிஞர் எழுதின இமயமலைப் பயண நூல். 1848 முதல் 1850 வரை சிக்கிமிலும் கிழக்கு நேபாளத்திலும் செடி பொறுக்கிக்கிட்டு அலைஞ்சவர். 1849 நவம்பரில் சிக்கிம் அரசு ஆட்கள் அவரையும் டார்ஜிலிங் அதிகாரி கேம்பெல்லையும் பிடிச்சு வச்சுட்டாங்க. அதைச் சாக்கு வச்சு பிரிட்டிஷார் சிக்கிமின் தெற்குப் பகுதியைப் பிடுங்கிக்கிட்டது வேற சோகம். மனுஷர் போன இடமெல்லாம் லெப்சாக்கள் மூங்கில் குவளையில் கேழ்வரகுக் கள் கொடுத்திருக்காங்க. 'முர்வா' என்று எழுதுறார். எப்படிப் புளிக்க வைக்கிறாங்க, எப்படி வெந்நீர் ஊத்துறாங்க, எப்படி உறிஞ்சுறாங்க, லேசான புளிப்போட சூடான இனிப்பு ஒயின் மாதிரி இருக்குன்னு செடியைக் குறிச்ச அதே நிதானத்தோட குறிச்சிருக்கார். அவருக்கு அது ஒரு பானம். அவ்வளவுதான்.

காத்மாண்டுப் புத்தகம் 'முலுகி ஐன்'. நாட்டுச் சட்டம். எழுத வச்சவர் பிரதமர் ஜங் பகதூர் ராணா. 1850ல் லண்டன், பாரிஸ் எல்லாம் சுத்திப் பார்த்துட்டு வந்தவர். நேபாளத்துக்குள் இருந்த எல்லா இனங்களையும் ஒரே ஏணியில் நிறுத்தின சட்டம் அது. உச்சிப்படியில் 'தாகாதாரி', அதாவது பூணூல் போட்டவர்கள். அதுக்குக் கீழே 'மத்வாலி', அதாவது குடிக்கிறவர்கள். மகர், குருங், ராய், லிம்பு, தமாங் என்று மலையின் ஆதிக்குடிகள் பெரும்பாலும் இந்தப் படியில். அதுக்கும் கீழே தண்ணீர் வாங்கக்கூடாதவர்கள், கடைசியில் தீண்டக்கூடாதவர்கள்.

மத்வாலியிலும் ரெண்டு பிரிவு. அடிமை ஆக்கக்கூடாத மத்வாலி, அடிமை ஆக்கக்கூடிய மத்வாலி. ரெண்டாவது பிரிவில் 'போட்டே' என்ற பேரில் தமாங்குகள், சேபாங்குகள் போன்றவங்க. ஒரே குற்றத்துக்கு எந்தப் படியில் நிற்கிறாய் என்பதைப் பொறுத்துத் தண்டனை. பிராமணருக்கு மரண தண்டனை கிடையாது. அடிமை ஆக்கக்கூடிய படியில் இருப்பவருக்கு அடிமைத்தனமே தண்டனையாகலாம்.

இங்கேதான் எனக்கு உறைச்சது. அந்தச் சட்டத்தில் பூணூல் போட்டவர் குடித்தால் அது குற்றம், சாதியே போகும். மத்வாலி குடித்தால் குற்றம் இல்லை. மேலோட்டமாப் பார்த்தா சலுகை மாதிரித் தெரியுது. ஆனா ஒருத்தருக்குக் குடி என்பது செய்யற செயல். இன்னொருத்தருக்கு அதுவே பிறப்பு. ஒரு துளி குடிக்காத லிம்புக் கிழவியும் சட்டப்படி 'குடிக்கிறவள்'தான்.

லிம்புகள் தங்களை 'யாக்துங்' என்று சொல்லிப்பாங்க. 1774ல் கோர்க்கா அரசோட சமாதானம் பண்ணிக்கிட்டப்போ உப்பையும் தண்ணியையும் சாட்சியா வச்சு சத்தியம் செஞ்சாங்களாம், 'நூன்-பானி' ஒப்பந்தம் என்பாங்க. அதன்படி அவங்களோட 'கிபட்' நிலம், அதாவது குலத்துக்குச் சொந்தமான, வெளியாளுக்கு விற்க முடியாத நிலம், அவங்ககிட்டயே இருக்கும் என்பது வாக்கு. எண்பது வருஷத்துல உப்பு கரைஞ்சு போய் 'மத்வாலி'யில் வந்து நின்னுடுச்சு.

நிலமும் அப்படியே போச்சு. லிம்பு ஏன் நிலத்தை இழந்தான்னு கேட்டா 'குடிச்சே அழிச்சான்' என்று சொல்ல ஆள் எப்பவும் உண்டு. 1960களில் இலாம் பக்கத்தில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் லயனல் கேப்லன் 1970ல் போட்ட புத்தகத்தைப் படிச்சா வேற கதை தெரியுது. வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியேத்தின அரசுக் கொள்கை, கல்யாணம் கருமாதிக்கு வாங்கின கடன், கடனுக்கு அடமானமாப் போன வயல், அந்த வயலை உழுதுக்கிட்டிருந்த கடன்காரர். நம்ம ஊர் கிராமத்துக் கதைதான். 1964 நிலச் சட்டமும் 1968 திருத்தமும் மிச்சம் இருந்த கிபட் உரிமையையும் முடிச்சு வச்சது. குடிகாரன் என்கிற ஒத்தை வார்த்தையில் எவ்வளவு பெரிய கணக்குப் புத்தகத்தை மறைச்சுட முடியுது பாருங்க.

இன்னொரு வேடிக்கை. உள்ளூர்ச் சட்டம் யாரையெல்லாம் மத்வாலி என்றதோ, அவங்களிலேயே மகர், குருங், ராய், லிம்புகளைத்தான் பிரிட்டிஷ் ராணுவம் 'வீர இனம்' என்று தேடித்தேடிக் கூர்க்கா படையில் சேர்த்தது. ஒரு பக்கம் குடிக்கிறவன், இன்னொரு பக்கம் சண்டைக்காரன். ரெண்டு பேரும் எதிராளி வச்ச பேர்தான். எங்க தெருவுக்கு வந்தவருக்கு ரெண்டும் சேர்த்தே கிடைச்சிருக்கு.

அப்ப அந்தக் குவளைக்கு என்ன அர்த்தம்?

சட்டம் குவளையில் போதையை மட்டும் பார்த்தது. குவளையோட சொந்தக்காரங்க என்ன பார்க்கிறாங்க?

கார்த்திகை-மார்கழி பௌர்ணமியில் லிம்புகளுக்குச் 'சாசோக் தங்நாம்' என்று அறுவடைத் திருநாள். புதுத் தானியத்தை முதலில் யூமா தெய்வத்துக்குப் படைக்கணும். யூமா என்றால் பாட்டி. படைக்காமல் வீட்டில் யாரும் வாய் வைக்கக்கூடாது. கல்யாணம் பேச வரும்போதும், சாவு வீட்டிலும், சண்டை தீர்ந்து சமாதானம் ஆகும்போதும் கள் வைக்கணும். எழுதாமல் வாய்வழியா வந்த 'முந்தும்' என்கிற புராணத்தைப் பூசாரி ஓதும்போதும் அது பக்கத்துல இருக்கும். நம்ம ஊர்ல வெத்தலை பாக்கு செய்கிற வேலையில் பாதியை அங்கே இந்தக் குவளை செய்யுது. விருந்தாளிக்குக் கொடுக்கலைன்னா அவமரியாதை. விருந்தாளி வேண்டாம்னு சொன்னாலும் குழலை உதட்டில் தொட்டுவிட்டாவது வைக்கணும்.

ரொம்ப இனிப்பா எழுதிட்டேனோ? மறுபக்கமும் சொல்லிடறேன். இதே புளிச்ச கேழ்வரகைக் காய்ச்சி வடிச்சா 'ரக்சி' என்கிற சாராயம். அதுக்கு ஒன்றரை மணி நேரப் பேச்சு தேவையில்லை, ஒரே மடக்குதான். அது வீடுகளைக் கெடுத்ததும் உண்டு. இதை வெளியாள் சொல்றதுக்கு முன்னாடி லிம்புகளே சொன்னாங்க. பால்குனந்த லிங்தேன் (1885-1949) என்று ஒரு சீர்திருத்தவாதி. 1931ல் லிம்புப் பெரியவங்களை எல்லாம் கூட்டி 'சத்திய தர்ம முச்சுல்கா' என்று ஒரு உறுதிப்பத்திரம் போட்டார். பெண்ணுக்கு விலை வாங்காதே, பலி வேண்டாம், சடங்குல சாராயம் வேண்டாம், நம்ம எழுத்தைப் படி என்பதெல்லாம் அவர் பேச்சு. அவர் வழியில் வந்தவங்க இன்னிக்கும் மது, மாமிசம் தொடறதில்லை. 2009ல் நேபாள அரசு அவரைத் தேசிய மாமனிதர் வரிசையில் சேர்த்தது.

1931ல் அந்த உறுதிப்பத்திரத்தில் கைநாட்டு வச்ச, குடியை விட்ட அத்தனை பேரும் ஊருக்குப் போனப்போ சட்டத்துக்கு யாரு? மத்வாலிதான்! குடிக்கிறதையும் விடுறதையும் அவங்களே தங்களுக்குள்ள பேசி முடிவு பண்ணினாங்க. பேரை மட்டும் அவங்களால மாத்த முடியலை.

அடிமை முறையை 1924-25ல் நேபாளம் ஒழிச்சது. சாதிக்கு ஒரு நீதி என்பதை 1963ல் வந்த புது முலுகி ஐன் எடுத்துப் போட்டது. அதுக்கு 109 வருஷம் ஆச்சு. அப்புறம் 1990 மக்கள் போராட்டத்துக்குப் பிறகு 'ஆதிவாசி ஜனஜாதி' என்று தங்களுக்குத் தாங்களே ஒரு பேரை வச்சுக்கிட்டு அமைப்பாகத் திரண்டாங்க. 2002ல் நேபாளச் சட்டம் 59 ஜனஜாதிகளை அங்கீகரித்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் சிக்கிமிலும் மேற்கு வங்கத்திலும் லிம்புகளும் தமாங்குகளும் 2003ல் பழங்குடிப் பட்டியலில் வந்தாங்க. நான் மேலே சொன்ன மர்ச்சா ஆராய்ச்சிக்காரரின் பேரைத் திரும்பப் பாருங்க. தமாங். போதையை வச்சு ஒரு சமூகத்துக்குப் படி கட்டினவங்க காலம் போய், அந்தச் சமூகத்துப் பேரைத் தாங்கினவர் அதே போதைக்குள் எத்தனை உயிர் இருக்குன்னு உலகத்துக்கு எண்ணிச் சொல்லியிருக்கார். அதைப் படிச்சப்போ எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடினப்போ கேழ்வரகுக்கு மறுபடி மவுசு வந்துச்சு. தானியத்துக்கு மரியாதை திரும்பிடுச்சு, நல்லது. அதைக் கல்லு மேட்டில் விட்டுவிடாமல் விளைவிச்சுக்கிட்டே இருந்தவங்களுக்கும் கொஞ்சம் போய்ச் சேர்ந்தா இன்னும் நல்லது.

திரும்ப அந்த அடுப்படிக்கு. கிளம்புறதுக்கு முந்தின ராத்திரி ஆமா கேட்டாங்க, நண்பர் மொழிபெயர்த்தார். "உங்க ஊர்ல கோதோவை என்ன பண்ணுவீங்க?"

களி கிண்டுவோம், கூழ் காய்ச்சுவோம்னு சொன்னேன். கூழை ஒரு ராத்திரி வச்சு லேசாப் புளிக்க விட்டு, மறுநாள் மோர் ஊத்திக் குடிப்போம், சின்ன வெங்காயம் கடிச்சுக்குவோம்னும் சொன்னேன்.

ஆமா கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. அப்புறம், "ஒரு ராத்திரிதானா? அப்ப பாதி வழி வந்துட்டு அவசரப்பட்டுத் திரும்பிட்டீங்க" என்றாங்க. நண்பர் சிரிச்ச சிரிப்புல புரையேறிடுச்சு.

நான் எங்க தெருக் கூர்க்கா கதையை அன்னிக்கு அவங்ககிட்ட சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். சொல்லலை. வெந்நீர் ஊத்திக்கிட்டிருந்த கையைப் பார்த்ததும் வாய் வரலை. அந்த மனுஷரோட பேர் எனக்கு இன்னிக்கும் தெரியாது. அவர் லிம்புவா, மகரா, தமாங்கா, எந்த மலைக்காரர், ஊர்ல அவருக்கும் ஒரு ஆமா அடுப்படியில் குவளை வச்சுக் காத்திருந்தாங்களா, எதுவும் தெரியாது. அன்னைக்குத் தலையாட்டினதை இங்கேயாவது எழுதி வச்சுக்கிறேன்.

உங்க தெருவுக்கு வந்த கூர்க்காவோட பேர் உங்களில் யாருக்காவது தெரியுமா? தெரிஞ்சா சொல்லுங்க.

டிஸ்கி: இந்தப் பதிவு யாரையும் குடிக்கச் சொல்லலை. வீட்டில் கேழ்வரகு இருந்தா கூழ் காய்ச்சுங்க. ஒரு ராத்திரி போதும்!